ஹாஸ்டல் திறந்த நாளில் எனக்கு மணம் தெரியவில்லை

அந்தக் கார்த்திகை மாசம் நான் ஏன் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை, போன் போட்டால் ஏன் மூக்கைப் பற்றியே பேசினேன் என்று நீங்கள் ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உங்கள் அம்மா சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே சிரித்துவிடுவாள், கதை முழுசாக வராது. அதனால் நானே எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

நான் காலேஜ் ஹாஸ்டலில் சமையல் மாஸ்டர் என்பது உங்களுக்குத் தெரியும். திண்டுக்கல் டவுனைத் தாண்டி, காடு கரைக்கு நடுவில் இருக்கிற காலேஜ். பையன்களும் பொண்ணுகளுமாக ஐந்நூறு பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடம், சாப்பாட்டுக் கூடம் எல்லாருக்கும் ஒன்றுதான். கொரோனா வந்த மார்ச் மாசம் ஒரே நாளில் அத்தனை பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அன்றைக்கு ஊறப்போட்ட கொண்டைக்கடலை அண்டாவில் அப்படியே கிடந்தது. அதற்கப்புறம் எட்டு மாசம் கேட்டில் பூட்டுத்தான். நாகல் நகர் வீட்டில் நான் நாலு பேருக்குச் சமைக்கப் போய், கை பழக்கத்தில் நாற்பது பேருக்குப் போட்டு, ஒரே சாம்பாரை மூன்று நாள் சாப்பிட்டது உங்களுக்கு மறந்திருக்காது.

அப்படி இருக்கும்போதுதான் வார்டன் சாரிடமிருந்து போன் வந்தது.

"மாஸ்டர், தெறக்கப் போறோம். கடைசி வருசப் பிள்ளைக மட்டும். பக்கத்து ஊருக்காரங்க மொத நாளு, தூரத்து ஊருக்காரங்க மறுநாளு. அடுப்பைப் பத்த வைக்க வாரீங்களா?"

"வாரேன் சார்!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. நீங்கள் ரெண்டு பேரும் ஓடி வந்து "யாருப்பா செத்துட்டா?" என்று கேட்டீர்கள். அந்த வருசம் போன் என்றாலே நமக்கெல்லாம் அந்தப் பயம்தான் இருந்தது.

ஒரு வாரம் வேலை பார்த்தோம். புகைபோக்கிக்குள் எலி கூடு கட்டியிருந்தது. கிரைண்டர் கல் இறுகிப் போய் சுற்ற மாட்டேன் என்றது. இரண்டு படி அரிசியை ஊறவைத்து வெறுமனே ஆட்டி, கொட்டி, மறுபடி ஆட்டி, அதை வழிக்குக் கொண்டுவந்தோம். குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாயையும் அரை நாள் திறந்து விட்டோம். கை கழுவும் இடத்தில் காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற மாதிரி வைத்தார்கள். தரை முழுக்க ஆறடிக்கு ஒரு மஞ்சள் வட்டம். ஆளுக்கொரு அறை. வருகிற பிள்ளை ஊரிலேயே டெஸ்ட் எடுத்து, தொற்று இல்லை என்று சீட்டோடு வரவேண்டும். வார்டன் சார் ஒரு ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே அலைந்தார். நெற்றியில் காட்டிக் காய்ச்சல் பார்க்கிற கருவி ஒன்று கையில் கிடைத்ததும், அரிசி மூட்டையைத் தவிர எல்லாவற்றுக்கும் காய்ச்சல் பார்த்துவிட்டார்.

சாப்பாட்டுக் கூடத்துக்கு மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை. பிள்ளைகள் தட்டை ஏந்தி வரிசையில் வந்து வாங்குவதுதான் எங்கள் பழக்கம். பசியோடு நிற்கிற வரிசையில் ஆறடி எங்கே நிற்கும்? நான் கல்யாண வீட்டுச் சமையலில் வேலை பழகிய ஆள். சொன்னேன்: "சார், கல்யாணப் பந்தி மாதிரி உக்கார வச்சிருவோம். அவுகவுக தட்டும் டம்ளரும் அவுகவுகளே கொண்டாரட்டும். பிள்ளைக அசையக் கூடாது, சோறு நடந்து போகட்டும். நாலு பந்தி போட்டா முடிஞ்சது." சார் நின்று யோசித்து, அதை அப்படியே ஃபைலில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஹாஸ்டல் கடைசியில் ஆறு அறைகளை ஒதுக்கி, சிவப்பு எழுத்தில் 'தனி அறை' என்று போர்டு மாட்டினார்கள். யாருக்காவது சந்தேகம் என்றால் அங்கே தங்க வைக்க. "எந்தப் பிள்ளை மொதல்ல இதுல வந்து படுக்கப் போகுதோ" என்று நான் சும்மா சொல்லிவைத்தேன்.

"வாயைக் கழுவுங்க மாஸ்டர்" என்றார் அக்கா.

அக்கா என்றால், எங்கள் சமையல்கட்டில் காய் நறுக்குகிற அக்கா. என்னைவிட மூன்று நாலு வயசு மூத்தவர். பதினோரு வருசமாக எனக்கு எதிரே உட்கார்ந்து காய் நறுக்குகிறார். வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்துதான் வருவார், அதை யாரும் கேட்க முடியாது. கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம்.

திறப்பு நாளுக்கு முந்தின சாயங்காலமே நாங்கள் சமையல்கட்டு ஆட்கள் ஆறு பேரும் அங்கே போய் ஆளுக்கொரு அறையில் தங்கிவிட்டோம். காலையில் ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தேன். பாய்லர் ஊதின சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளைகள் பன்னிரண்டு மணியிலிருந்து வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முருங்கைக்காய் சாம்பார், ரசம், கோஸ் பொரியல், அப்பளம். முதல் நாள் இலேசாகத்தான் இருக்கவேண்டும், பிரயாணம் பண்ணி வருகிற வயிறு.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். சமைக்கிறவன் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டான். முதல் கரண்டி சாமி படத்துக்கு. அதற்கு முன்னால் வாய் வைத்தால் எச்சில். அப்படியானால் உப்பு எப்படித் தெரியும்? ஆவியில் தெரியும். உப்புக்கு வாசனை இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள், நிசம்தான். ஆனால் சாம்பாரில் உப்பு சரியாக விழுந்ததும் பருப்பின் பச்சை வாடை அடங்கி, புளி முன்னால் வரும். இருபது வருசமாக நான் அண்டாவுக்கு மேலே குனிந்து, ஒரு இழுப்பு இழுத்துத்தான் உப்பு பார்க்கிறேன். தப்பினது ரொம்பக் கம்மி.

அன்றைக்கு ஒன்பது மணி வாக்கில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் குனிந்தேன். சூடு தெரிந்தது. ஈரம் தெரிந்தது. மணம் தெரியவில்லை.

மறுபடி இழுத்தேன். ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்குக்கிட்டே வைத்தேன். பெருங்காயம், பிள்ளைகளா! அடுத்த தெருவுக்கு வீசுகிற சாமான். வெறும் டப்பாவை மோந்த மாதிரி இருந்தது. காப்பித்தூளை மோந்தேன், கருவேப்பிலையைக் கசக்கி மோந்தேன். ஒன்றுமில்லை.

மணம் போனால் என்ன அர்த்தம் என்று அந்த வருசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் பின்வாசல் குழாயடியில் போய் நின்றுகொண்டேன். வத்தலக்குண்டிலிருந்து, பழனியிலிருந்து பிள்ளைகள் பஸ் ஏறியிருப்பார்கள். எட்டு மாசமாகச் செல்போனில் படிப்பைப் பார்த்துக் கண் கெட்டுப் போன பிள்ளைகள். நான் வாயைத் திறந்தால் சமையல்கட்டை மூடுவார்கள். சமையல்கட்டு மூடினால் ஹாஸ்டல் எப்படித் திறக்கும்? காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆமாம், அப்படியும் நினைத்தேன். உங்களுக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

அக்கா முருங்கைத் தோலைக் கொட்ட வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?"

"கிட்ட வராதீங்க அக்கா." நான் இரண்டு எட்டு பின்னால் போனேன். "மணம் தெரியல."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். "எம்புட்டு நேரமா?"

"இப்பத்தான் கவனிச்சேன்."

"மாதாவே!" என்றார். பிறகு குரல் மாறிவிட்டது. "சரி. வார்டன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லவா?"

"அக்கா, பிள்ளைக வந்துக்கிட்டு..."

"வர்றதுனாலதான் கேக்குறேன். நீங்களா, நானா?"

நான்தான் சொன்னேன். ஆறடி தள்ளி நின்று, மஞ்சள் வட்டத்துக்குள்ளே நின்று சொன்னேன். வார்டன் சார் கையிலிருந்த ஃபைல் கீழே விழுந்தது. "இன்னைக்கா மாஸ்டர்?" என்றார். நாளைக்கு என்றால் பரவாயில்லை என்கிற மாதிரி.

காலேஜ் நர்ஸம்மா வந்தார். சின்ன வயசு, ஆனால் அதிகாரம். மூக்கைப் பார்க்க வேண்டும், மாஸ்க்கைக் கழற்றுங்கள் என்றார். கழற்றினேன். அவர் அங்கிருந்தே மூஞ்சியைச் சுளித்தார்.

"ஐயா, இங்க வரைக்கும் கற்பூரம் வீசுது. உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. கற்பூரம், ஓமம், கிராம்பு கட்டின பொட்டலத்தை மோந்தால் நெஞ்சுக்கு நல்லது என்று அப்போது எல்லார் செல்போனிலும் வந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மா சின்னதாக ஒரு பொட்டலம் கட்டி என் மாஸ்க்குக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். ரெண்டு மாஸ்க் போடுகிறேன், ரெண்டிலும் வை என்று கேட்டு வாங்கினது நான். போதாததற்கு மூக்கு ஓரத்தில் யூகலிப்டஸ் தைலம் வேறு. ஐந்து மணியிலிருந்து அதையே இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கற்பூர வாசனையே எனக்குத் தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நர்ஸம்மா சிரித்தார். வார்டன் சாருக்கு உயிர் வந்துவிட்டது. "கற்பூரந்தான்! கற்பூரந்தான் காரணம், வேற ஒண்ணுமில்ல, போங்க மாஸ்டர், அடுப்பைப் பாருங்க."

"சார், நில்லுங்க." நர்ஸம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். "கற்பூரமாவும் இருக்கலாம், கொரோனாவாவும் இருக்கலாம். இவர் நேத்து வரைக்கும் டவுன்ல இருந்தவரு. டெஸ்ட் எடுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்." என்னைப் பார்த்து, "ஐயா, கற்பூரத்தை அப்படி மோந்தா ஒடம்புக்குக் கெடுதல். வீட்லயும் சொல்லிருங்க" என்றார். அதனால்தான் அன்றைக்கு ராத்திரியே போன் போட்டு உங்கள் பொட்டலத்தையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னேன்.

சுகாதார நிலையத்திலிருந்து வண்டி வந்தது. மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வர ரெண்டு நாள் ஆகும் என்றார்கள். முதல் நாள் பிள்ளைகள் பாதி வழியில் இருந்தார்கள், அவர்களைத் திருப்ப முடியாது. அன்றைக்குக் காலையிலிருந்து நான் மட்டும் உள் சமையல்கட்டில் தனியாக நின்றேன், மற்றவர்கள் வெளியே நறுக்கும் இடத்தில் இருந்தார்கள், ஆகவே அவர்கள் வெளிக்கொட்டகையில் விறகடுப்பில் சமைக்கலாம் என்று நர்ஸம்மா முடிவு செய்தார். மறுநாள் வரவேண்டிய தூரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வார்டன் சார் போன் போட்டு, "கிளம்பாதீங்க, நான் சொல்ற வரைக்கும் கிளம்பாதீங்க" என்று சொன்னார். எனக்கு இருக்கிறது என்று வந்துவிட்டால் வந்த பிள்ளைகளும் அறைக்குள் அடைபட வேண்டும், வராத பிள்ளைகள் வரவே முடியாது. எல்லாம் என் மூக்கில் வந்து நின்றது.

நான் வைத்த சாம்பாரைத் தென்னைமரக் குழியில் ஊற்றினார்கள். "கொதிச்சதுல கிருமி நிக்காது சார்" என்றார் நர்ஸம்மா. "நிக்காது. பெத்தவங்க கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார் சார். ரெண்டும் சரிதான்.

சிவப்பு போர்டு போட்ட அறையில் முதல் ஆளாகப் போய்ப் படுத்தது நான்.

படுக்கவா முடிந்தது! ஜன்னலுக்கு நேரே வெளிக்கொட்டகை. மணி பத்தரை. அக்கா புது அண்டாவை ஏற்றிவிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தேங்காய்க் கூடை மேலே வைத்திருந்தார்.

"உப்பு எம்புட்டு மாஸ்டர்?"

"அஞ்சு கை போடுங்க அக்கா."

"ஒங்க கையா, எங் கையா?"

இருபது வருசத்தில் என் கைக்கு எத்தனை கிராம் என்று நான் பார்த்ததே இல்லை. அதுவும் அந்தக் கை ஐந்நூறு பேருக்குப் பழகின கை. இன்றைக்கு வருவது எழுபது பேர்.

"கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு ஆவியை மோந்து பாருங்க" என்றேன்.

கொட்டகையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. "மோந்தா எனக்குத் தும்மல்தான் வருது. நான் நாக்குல வச்சுப் பாத்துக்கிறேன்."

"அக்கா! சாமிக்கு எடுத்து வைக்கலையே!"

"ஒங்க சாமிக்கு மொதல்லயே தனியா ஒரு கரண்டி எடுத்து வச்சுட்டேன். உப்பு கூடக்கொறைய இருந்தா அவரு பொறுத்துக்குவாரு. பஸ்ஸுல வந்து எறங்குற பிள்ளைக பொறுக்காது." உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். "ம். இன்னும் அரைக் கை. எங் கை."

பன்னிரண்டே காலுக்கு முதல் பஸ் உள்ளே நுழைந்தது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு நுழைந்தது! நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிக்காத குறைதான். மாஸ்க் போட்டிருந்ததால் ஒரு முகமும் தெரியவில்லை. ஆனால் நடையை வைத்தே எனக்கு அத்தனை பேரையும் தெரிந்தது. அந்தா, ரெண்டு முட்டை கேட்கிற பிள்ளை. அந்தா, கத்தரிக்காயைப் பொறுக்கி ஓரத்தில் வைக்கிற பிள்ளை. கட்டிப்பிடிக்க ஓடினவர்கள் பாதியில் நின்று, வட்டத்துக்குள் நின்றபடியே கையை ஆட்டிக் கூச்சல் போட்டார்கள். வார்டன் சார் "தள்ளி! தள்ளி!" என்று கத்தினார், ஆனால் அவர் கண்ணும் சிரித்தது.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும்போது ஒரு பிள்ளை என்னைப் பார்த்துவிட்டது. நடந்ததை சார் எல்லாருக்கும் மறைக்காமல் சொல்லியிருந்தார்.

"மாஸ்டர்! மொத போணி நீங்கதானா?"

"ஆமாத்தா. ரூம் நல்லா இருக்கு, வந்துராதீங்க."

"சாம்பார் யாரு?"

"அக்கா."

"அப்ப இன்னைக்கு முருங்கைக்காய் நெறைய இருக்கும்!" என்று சிரித்துக்கொண்டே போனாள். பந்தி உட்கார்ந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சோறு நடந்து போனது. ஜன்னல் வழியே பாதிதான் தெரிந்தது, ஆனால் வாளிச் சத்தத்தை வைத்தே கேட்டுக்கொண்டேன். ரெண்டாவது தடவை சாம்பார் வாளி போகிறது. மூன்றாவது தடவையும் போகிறது! சந்தோசமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

என் தட்டு வாசலில் ஸ்டூல் மேலே வந்தது. சாப்பிட்டேன். உப்பு தெரிந்தது, காரம் தெரிந்தது, கற்பூரப் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டு மூன்று மணி நேரமாகியும் மணம் மட்டும் வரவில்லை. அப்போதுதான் நான் நிசமாகவே பயந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். கட்டிலில் உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். என்னமோ நாற்றம் அடித்தது. யாரடா இது என்று எரிச்சலாகத் திரும்பிப் பார்த்தேன். அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. நாற்றம் அடிக்கிறது! தரை துடைத்த பினாயில்! கீழே குனிந்து நன்றாக ஒரு இழுப்பு இழுத்தேன். மல்லிகைப்பூ மாதிரி இருந்தது.

நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். "அம்மா, பினாயில் நாத்தம் கொடலைப் புரட்டுது!"

"ரொம்ப சந்தோசம் ஐயா. ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் கதவைத் தாண்டக் கூடாது."

தாண்டவில்லை. மறுநாள் முழுக்கத் தாண்டவில்லை. சோப்பு, தேங்காயெண்ணெய், என் செருப்பு என்று எல்லாவற்றையும் மோந்து பார்த்து, உங்களுக்கும் அம்மாவுக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்பாவுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று நீங்கள் பேசிக்கொண்டது போனில் எனக்குக் கேட்டது. தூரத்துப் பிள்ளைகளிடமிருந்து வார்டன் சாருக்கு ஓயாமல் போன் வந்தது. "இன்னும் சொல்லல, இன்னும் சொல்லல" என்று அவர் வராந்தாவில் நடந்துகொண்டே சொன்னது அறைக்குள் கேட்கும். அந்தச் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம். வார்டன் சார் ஓடி வருகிறார். அவர் ஓடி நான் பார்த்ததே கிடையாது. வாசலில் மஞ்சள் வட்டத்தில் கச்சிதமாக நின்று, போனைத் தூக்கிக் காட்டினார்.

"இல்ல மாஸ்டர்! ஒண்ணும் இல்ல! நெகட்டிவ்!"

நுரையோடு அப்படியே கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதற்குள் திரும்பி எண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, கிளம்பி வா. ஆமா, இன்னைக்கே. சீட்டை மறந்துராத." அடுத்த எண். "அம்மா, பிள்ளையை அனுப்பி வைங்க. ஆமாம்மா, தைரியமா அனுப்புங்க."

நான் குளித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். அக்கா கரண்டியோடு நின்றார்.

"வந்துட்டீங்களா? ரசம் நான் வச்சுட்டேன். வெஞ்சனத்துக்குப் பீன்ஸ் பொரியலைப் பாருங்க."

"அக்கா, ரசம் எப்பவும் நான்தானே..."

"வச்சாச்சுல்ல."

வச்சாச்சு. நான் பீன்ஸ் கூடையை இழுத்துப் போட்டு நறுக்க உட்கார்ந்தேன். வராந்தாவிலிருந்து சார் கத்தினார், போன் இன்னும் காதிலேயே இருந்தது: "மாஸ்டர், ராத்திரிக்கு நூறு பேருக்கு வைங்க!" நாங்கள் அரிசி அளக்க ஆரம்பித்தோம். ரெண்டு படி கூட விழுந்திருக்காது. "நூத்தி இருவது!" கொஞ்சம் பொறுத்து, "மாஸ்டர், ராமநாதபுரம் பிள்ளைகளும் பஸ் ஏறிட்டாங்க, நூத்தி நாப்பது!"

"அளக்க விடுங்க சார்!" என்று அக்கா கத்தினார்.

நான் பரண் மேலிருந்து பெரிய அண்டாவை இறக்கினேன்.